நட்புக்கும் ஒரு மொய் நோட்டு

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூன் 30 அன்று வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட இறப்புகளில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 இறப்புகளில், தனிமைக்குப் பங்கிருப்பதாகவும் அது கணக்கிட்டது. இந்தத் தனிமையரில் நம் பேச்சுக்குள் வராத ஒரு தரப்பு உண்டு. நண்பர்கள் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. நண்பர்களைச் சம்பாதிக்கவும் தெரிகிறது. தக்கவைத்துக்கொள்ள மட்டும் முடிவதில்லை. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டோடு வளர்ந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும் பெரியவர்கள் அவர்கள்.

2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில், சிறப்புக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் விழாவில் நடிகர் ஃபகத் ஃபாசில் பேசினார். தனக்கு ஏடிஎச்டி இருப்பது 41 வயதில்தான் தெரியவந்தது என்றார். 'மாமன்னன்' படத்தில் அவரைப் பார்த்து மிரண்ட தமிழ் ரசிகர்கள் பலர் அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். இப்போது கைபேசியைத் திறந்தால் அதைப் பற்றி ஒரு ரீல்ஸாவது வந்து நிற்கிறது. சாவியைத் தொலைப்பது, தொடங்கிய வேலையை முடிக்காதது, கூட்டத்தில் கவனம் சிதறுவது என்று அவை அடுக்குகின்றன. நண்பனைத் தொலைப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. சாவிக்காவது நகல் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு ஒரு நண்பன் உண்டு, கல்லூரி விடுதியில் அறைத் தோழன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, போன் செய்த நாற்பதாவது நிமிடத்தில் வாசலில் வந்து நின்றான். மூன்று இரவுகள் தூங்கவில்லை. ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தான், காப்பீட்டுப் படிவம் நிரப்பினான், சாப்பிட மறுத்த அம்மாவை அதட்டி இரண்டு இட்லி சாப்பிட வைத்தான்.

அடுத்த ஆண்டு நான் வீடு கட்டிக் குடிபோனேன். "மாப்ள, பால் காய்ச்சுறப்ப முதல் ஆளா நான் நிப்பேன்டா" என்றான். வரவில்லை. மறுநாளும் போன் இல்லை. ஒரு வாரம் கழித்து நான் அனுப்பிய படங்களை அவன் பார்த்துவிட்டதாக வாட்ஸ்அப்பின் நீல டிக் காட்டியது. பதில் இல்லை. நானும் விட்டுவிட்டேன். பதினான்கு மாதம் பேசவில்லை.

அவனுடைய பையனின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, "ஒருமுறை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னதில் கதை திரும்பியது. பையனைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பன் தன்னுடைய சிறுவயதையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். கடைசியில் இருவருக்குமே ஏடிஎச்டி என்று தெரிந்தது. பிள்ளை வழியாகப் பெற்றோருக்குத் தெரியவருவது அபூர்வமில்லை. இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வுகள், இதில் மரபின் பங்கு 70 விழுக்காட்டுக்கு மேல் என்கின்றன. ஏறக்குறைய உயரத்தைப் போல.

சமாதானமான பிறகு ஒருநாள் தன் கைபேசியை என் கையில் கொடுத்தான். எங்கள் இருவரின் உரையாடலுக்கு அடியில், அனுப்பாமல் கிடந்தது ஒரு தொடக்கம்: "டேய், அன்னைக்கு". பதினான்கு மாதமாக அந்த இரண்டு சொல்லைத் தாண்டி அவனுக்கு ஓடவில்லை.

கைபட்டால் அழியும் சிலேட்டு

ஏடிஎச்டி என்றால் ஓரிடத்தில் உட்காராத பையன்தான் நம் நினைவுக்கு வருவான். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி உரையாற்றினார். அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆனான் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கேட்கவே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1968ஆம் ஆண்டுக் கையேடு இதைக் குழந்தைப் பருவக் கோளாறாகவே பெயரிட்டிருந்தது. பதின்பருவத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றது. பெரியவர்களுக்கு இத்தனை அறிகுறிகள் போதும் என்று அதே கையேடு தனியாக வரையறுத்தது 2013இல்தான். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் பள்ளியில் படித்தபோது, இதைக் கண்டுபிடிக்கும் கண் நம் ஊரில் அநேகமாக யாருக்கும் இல்லை. மதிப்பெண் அட்டையில் "புத்திசாலி, கவனம் போதாது" என்று எழுதி அனுப்பினார்கள்.

குழந்தையில் தொடங்கிப் பெரியவரான பின்னும் முழு வடிவில் தொடரும் ஏடிஎச்டி, உலக அளவில் நூற்றுக்கு 2.6 பேரிடம் இருப்பதாக 2021இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு மதிப்பிடுகிறது. கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டால் இரண்டு மூன்று இலையில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மொய் எழுத மறந்துவிட்டு.

நம் எல்லோர் மனத்திலும் ஒரு சின்ன சிலேட்டு இருக்கிறது. "அடுப்பை அணைக்கணும், சித்திக்கு போன் போடணும், சாயங்காலம் மழை வந்தா துணி எடுக்கணும்" என்று தற்காலிகமாக எழுதிவைத்துக்கொள்கிற இடம். ஏடிஎச்டி உள்ளவரின் சிலேட்டில் இடம் குறைவு. எதன் கை பட்டாலும் எழுத்து அழியும். அழைப்பு மணி அடித்தால், குழந்தை கூப்பிட்டால், கைபேசி அதிர்ந்தால் சித்தி காணாமல் போய்விடுவார். நாம் மறந்ததைப் பத்து நிமிடத்தில் நினைவுபடுத்திக்கொள்கிறோம். அவர்களுக்கு அது இரவு பதினோரு மணிக்கு, சித்தி தூங்கிய பிறகு, நெஞ்சில் இடி மாதிரி வந்து விழுகிறது.

காலமும் இப்படித்தான். ஏடிஎச்டி உள்ளவர்கள் தங்களைப் பற்றியே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது உண்டு, தங்கள் கடிகாரத்தில் 'இப்போ', 'அப்புறம்' என்று இரண்டே முள் என்று. அடுத்த சனிக்கிழமை விசேஷம் 'அப்புறம்' பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை வரை அங்கேயேதான் இருக்கும். செய்ய வேண்டியது என்னவென்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல் என்று இத்துறையில் பெயர்பெற்ற அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார். அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பது இதிலிருந்து புரியும். "கொஞ்சம் பொறுப்பா இரு" என்று சொல்பவர், அவருக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறார்.

அப்படியானால் என் நண்பன் மருத்துவமனைக்கு எப்படி நாற்பது நிமிடத்தில் வந்தான்? அவசரம் வந்துவிட்டால் இந்த மூளைக்கு வேறொரு எஞ்சின் கிடைத்துவிடுகிறது. எல்லாமே 'இப்போ'வாகிவிடுகிறது, கவனம் ஒரு புள்ளியில் குவிகிறது. வாரம் ஒரு போன், பிறந்தநாள் வாழ்த்து, வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது ஆகியவற்றில் அவசரமும் இல்லை, புதுமையும் இல்லை. பிசிராந்தையாரை நாம் கொண்டாடுகிறோம். கோப்பெருஞ்சோழனை வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர், சோழன் வடக்கிருந்தபோது மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தார். சோழனும் அவருக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளின் பொங்கல் வாழ்த்துகளுக்கு ஆந்தையார் பதில் போட்டாரா என்று எந்தப் புலவரும் விசாரிக்கவில்லை. நாம் விசாரிக்கிறோம்.

நீல டிக்கின் மறுபுறம்

நட்பு முறிவது சண்டையால் என்று நினைக்கிறோம். ஏடிஎச்டி உள்ளவர்களின் நட்பு அநேகமாகச் சத்தமே இல்லாமல் முறிகிறது. அது நடக்கும் விதம் இப்படி.

செய்தி வருகிறது: "அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது." பஸ்ஸில் நின்றபடி படிக்கிறார். மனம் இளகுகிறது. இதற்கு 'ஓகே' என்று போட்டால் நன்றாக இருக்காது, வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதுவோம் என்று நினைக்கிறார். மனத்துக்குள் பதிலே எழுதிவிடுகிறார். இறங்குமிடம் வந்துவிடுகிறது. சிலேட்டு அழிகிறது.

மூன்று நாள் கழித்து ஞாபகம் வருகிறது. இப்போது வெறும் பதில் போதாது, தாமதத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டும். காரணம் என்று எதுவுமில்லை. சொல்லத் தோன்றுவதெல்லாம் சாக்குப்போக்காகப் படுகிறது. தள்ளிப்போடுகிறார். மூன்று வாரமாகிறது. இப்போது காரணத்தோடு மன்னிப்பும் சேர்ந்துகொள்கிறது, நேரில் போய்ப் பார்க்க வேண்டிய கடமையும். வட்டி ஏறுகிறது. மூன்று மாதத்தில் அந்தப் பெயரைத் திரையில் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. அவர் வரும் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடுகிறார்.

மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிவது நீல டிக் மட்டும். "பார்த்துட்டுப் பேசாம இருக்கான். அவ்வளவுதான் மரியாதை." இருவரும் தங்கள் பக்கத்துக் கதையைத் தனித்தனியே எழுதி முடித்துவிடுகிறார்கள். என் பதினான்கு மாதமும் அப்படித்தான் போயின.

நேரில் சந்திக்கும்போதும் சிக்கல்கள் உண்டு. பேச்சுக்கு நடுவே புகுந்துவிடுவார்கள். இப்போது சொல்லாவிட்டால் மறந்துபோகும் என்ற பதற்றம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்க, பக்கத்து இருக்கைக்காரர் சொல்வதைப் பிடித்துக்கொள்ள முடியாமல் தலையை மட்டும் ஆட்டுவார்கள். புதிதாக ஒருவரைப் பிடித்துப்போனால் மாதம் முழுக்கத் தினமும் பேசுவார்கள்; பிறகு ஆளையே காணோம். விடப்பட்டவர் தான் என்ன தவறு செய்தோம் என்று குழம்புவார். ஒரு சிறு முகச்சுளிப்பையும் பெரிதாக எடுத்துக்கொண்டு, தள்ளிவிடப்படுவதற்கு முன் தாங்களே விலகிக்கொள்பவர்களும் உண்டு. சிறுவயதிலிருந்து "உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்றே கேட்டு வளர்ந்தவர்களுக்கு மனத்தின் தோல் மெலிந்துதான் இருக்கும்.

கைமாத்து தனிக் கதை. ஐந்நூறோ ஆயிரமோ வாங்கியதை மறந்தே போகிறவர், ஏமாற்றுக்காரர் என்று பெயரெடுத்துவிடுகிறார். கடன் அன்பை முறிக்கும் என்று மளிகைக் கடையில் எழுதி வைத்திருப்பது இவர்களைக் கண்டுதானோ என்னவோ. கொடுத்தவருக்குக் கேட்கக் கூச்சம்; வாங்கியவருக்கு நினைவே இல்லை. அந்த ஆயிரத்தால் போன நட்புகள் எத்தனையோ.

திண்ணை செய்த வேலை

நம் தாத்தா காலத்திலும் இந்த மூளை இருந்திருக்கும். அவர்கள் எப்படி நண்பர்களோடு இருந்தார்கள்? மாலையானால் திண்ணையில் ஆட்கள் தானாகவே கூடினார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை, தேதி குறிக்கவில்லை. தேநீர்க் கடை பெஞ்சில் அதே நேரத்தில் அதே ஆட்கள். படிப்பகம், ரசிகர் மன்றம், கபடிக் குழு, பஜனை மடம் என எல்லாமே இடத்தாலும் நேரத்தாலும் நடந்தன. யாருடைய ஞாபகசக்தியையும் அவை நம்பியிருக்கவில்லை. இன்றைக்கும் அதற்கு மிச்சம் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சென்னைக்கு மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டில் போய்வருபவர்களைப் பாருங்கள். அதே வண்டி, அதே பெட்டி, அதே நான்கு பேர். இருபது ஆண்டு நட்பு. வீட்டு முகவரிகூட சிலருக்குத் தெரியாது.

ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் தன் ஆய்வில் கணக்கிட்டார். திண்ணையும் ரயில் பெட்டியும் அந்த மணி நேரத்தை இலவசமாகக் கொடுத்தன. அடுக்குமாடி வாழ்க்கையும் வேளை மாறும் அலுவலகமும் திண்ணையைப் பறித்துக்கொண்டு, கையில் கைபேசியைக் கொடுத்திருக்கின்றன. இப்போது ஒரு தேநீர் குடிக்க நான்கு பேரின் நேரத்தைக் கேட்டு, இடம் தேர்ந்து, நினைவூட்டி, உறுதிப்படுத்த வேண்டும். நட்புக்கே ஒரு குமாஸ்தா வேலை முளைத்துவிட்டது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு இந்த உலகிலேயே கடினமான வேலை குமாஸ்தா வேலைதான்.

ஆணுக்கு மறதி, பெண்ணுக்குத் திமிர்

அந்தக் குமாஸ்தா வேலையை நம் குடும்பங்களில் காலங்காலமாகப் பெண்களே பார்க்கிறார்கள். நாத்தனார் மகளின் வளைகாப்பு எந்தத் தேதி, சம்பந்தி வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் போயிற்றா, பெரியம்மாவின் கண் ஆபரேஷனை விசாரித்தாயிற்றா என்று உறவின் பேரேடு முழுவதும் அவள் தலையில். கணவன் மறந்தால் "அவர் அப்படித்தான்" என்று சிரித்துக்கொள்கிறார்கள். மனைவி மறந்தால் "மதிக்கத் தெரியல", "வேலைக்குப் போற திமிரு".

போதாக்குறைக்கு, சிறுமிகளிடம் ஏடிஎச்டி பெரும்பாலும் ஓட்டம் சாட்டமாக வெளிப்படுவதில்லை. வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை எந்த ஆசிரியரும் மருத்துவரிடம் அனுப்பமாட்டார். அவள் வளர்ந்து, வீட்டையும் வேலையையும் சேர்த்துத் தூக்கும்போது எல்லாம் ஒன்றாகச் சரிகிறது. முதலில் வெட்டப்படுவது அவளுடைய தோழிகள்தான். மாமியார் வீட்டு விசேஷத்தை மறந்தால் வீட்டில் சண்டை வரும். பள்ளித் தோழியை மறந்தால் கேட்க ஆளில்லை. நாற்பது வயதில், பேச ஒரு தோழிகூட இல்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் எல்லோருக்கும் ஏடிஎச்டி இருக்காது. சிலருக்காவது இருக்கலாம் என்ற எண்ணமே நம் மருத்துவர்களிடம் இன்னும் பரவலாகவில்லை.

ரீல்ஸ் மருத்துவம் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு "எனக்கும் இதேதான்" என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஎச்டி காணொளிகளை 2022இல் கனடா ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, ஏறக்குறைய பாதி தவறான தகவலைத் தருவதாகக் கண்டார்கள். எல்லோரும் மறக்கிறோம், எல்லோரும் தாமதமாகப் போகிறோம். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்தனவா, வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடர்கின்றனவா, வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்கின்றனவா என்று மனநல மருத்துவர் பார்ப்பார். பள்ளிப் பருவத்து மதிப்பெண் அட்டைகளும், அம்மாவின் ஞாபகமும் அங்கே ரத்தப் பரிசோதனை அளவுக்குப் பயன்படும்.

மருந்து உண்டு, பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால், மாத்திரை போட்டுக்கொண்டதும் பழைய நண்பனுக்கு கை தானாக போன் போட்டுவிடாது. இருபது ஆண்டுப் பழக்கத்தையும் வெட்கத்தையும் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கேற்ற உளவியல் ஆலோசனையும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏடிஎச்டி காரணத்தை விளக்கும். கணக்கைத் தள்ளுபடி செய்யாது. என் புதுவீட்டில் பால் பொங்கியபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். அந்த ஏமாற்றம் அவனுக்குக் குறைபாடு இருப்பது தெரிந்ததும் மறைந்துவிடவில்லை. அவன் மன்னிப்புக் கேட்ட முதல் தடவை, "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்டா" என்று தொடங்கி அரை மணி நேரம் தன்னையே திட்டிக்கொண்டான். கடைசியில் நான்தான் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று. புண்பட்டவரையே மருந்து போட வைக்கும் மன்னிப்பு அது. "மறந்துட்டேன், தப்புதான். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டைப் பார்க்க வர்றேன்" என்றிருந்தால் போதும்.

என்னதான் செய்வது?

மொய் நோட்டில் தொடங்கலாம். பாசத்தால் வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், யார் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வதில்லை; எழுதி வைக்கிறோம். இருபது ஆண்டு கழித்துப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். அதை யாரும் அன்பில்லாத செயல் என்பதில்லை. நண்பரின் பிறந்தநாளையும், அவர் அம்மாவின் மருத்துவமனைத் தேதியையும் கைபேசியில் குறித்து அலாரம் வைப்பவரை மட்டும் "அலாரம் வெச்சுத்தான் என்னை நினைப்பியா?" என்று ஏன் கேலி செய்கிறோம்? ஏடிஎச்டி உள்ளவர் எதையும் தலைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் பேனாவால் எழுதுவது இன்றும் நல்ல வழி. காலையில் கிழிக்கும்போது கண்ணில் பட்டே தீரும். கைமாத்து வாங்கினால், வாங்கிய இடத்திலேயே நின்று திருப்பும் தேதிக்கு அலாரம் வைத்துவிட வேண்டும்.

செய்தி வந்தால் நல்ல பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. "பார்த்தேன், சந்தோஷம். ராத்திரி பேசுறேன்" என்று பத்து நொடிக் குரல் பதிவு, பஸ்ஸில் நின்றபடியே. அதுவும் முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியைப் படிக்காததாக மாற்றி வைக்கும் வசதி இருக்கிறது. நெருங்கியவர்களின் பெயர்களை மேலே பொருத்தி வைத்துக்கொள்ளலாம். கண்ணில் படாத ஆள் மனத்திலும் படுவதில்லை.

"கண்டிப்பா வர்றேன்" என்ற சொல்லை விட்டுவிடுவது நல்லது. அழைப்பவரின் முகத்துக்கு எதிரே அது தானாக வாயில் வந்துவிடும். "காலண்டரைப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று பழகிக்கொண்டால், உடைக்கும் வாக்குறுதிகள் பாதியாகக் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பயன்படுவது, நட்பை மீண்டும் திண்ணைக்குக் கொண்டுபோவது. ஒவ்வொரு முறையும் திட்டமிடுவதற்குப் பதிலாக, நிரந்தரமான ஒரு நேரம், ஓர் இடம். நானும் அவனும் இப்போது சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடக்கிறோம். அழைப்பு இல்லை, உறுதிப்படுத்தல் இல்லை. வராவிட்டால் விளக்கமும் கிடையாது, அடுத்த சனிக்கிழமை உண்டு. நடக்கும்போது அவன் கவனம் நன்றாக இருக்கிறது. முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவதைவிட, தோளோடு தோள் ஏதாவது செய்துகொண்டே பேசுவது இவர்களில் பலருக்கு எளிது. கேரம் ஆடலாம், வண்டி துடைக்கலாம், காய்கறிச் சந்தைக்குச் சேர்ந்து போகலாம்.

யாரிடம் சொல்வது என்பது அவரவர் விருப்பம். அலுவலகம் முழுக்க அறிவிக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று பேரிடம், நோயின் பெயரைவிட நடத்தையைச் சொன்னால் புரியும்: "நான் ரெண்டு நாள் பதில் போடலைன்னா மறந்துட்டேன்னு அர்த்தம், கோபம்னு அர்த்தமில்லை. இன்னொரு தடவை தட்டு."

தட்ட வேண்டியவர்கள் நாம். நண்பருக்கு இரண்டாம் முறை போன் செய்தால் நம் கௌரவம் குறைந்துவிடாது. "எத்தனை மணிக்கு விசேஷம்" என்பதோடு, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்" என்பதையும் சொல்லுங்கள். "எங்களையெல்லாம் உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது" என்ற குத்தலுக்கு இதுவரை எந்த நண்பரும் திருந்தியதாகத் தெரியவில்லை. அடுத்த முறை அந்த போனை எடுக்க இன்னும் பயப்படுவார், அவ்வளவுதான். வருத்தம் இருந்தால் நேராகச் சொல்லிவிடலாம். "நீ வரலைங்கிறது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்பது தமிழில் சொல்லக்கூடிய வாக்கியம்தான். எனக்கு அதைச் சொல்லப் பதினான்கு மாதம் பிடித்தது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஎச்டி இல்லை. சான்றிதழ் எல்லோருக்கும் வேண்டுமா என்பது தனி விவாதம். அதைவிட அவசரமானது, பெரியவர்களின் ஏடிஎச்டியைக் கண்டறிய மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வாரத்தில் ஒரு மதியம் இதற்கென ஒதுக்கலாம். இதற்கான முக்கிய மருந்தான மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது அது தடையின்றி இருக்க வேண்டும். பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஏடிஎச்டி தெரியவந்தால், பெற்றோரிடமும் நான்கு கேள்வி கேட்பதை வழக்கமாக்கலாம். முதல் ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

நகராட்சிகளுக்கும் ஒன்று: பூங்காக்களில் ஒற்றை ஆள் உடற்பயிற்சிக் கருவிகளை வரிசையாக நட்டது போதும். நான்கு பேர் எதிரெதிரே உட்காரும் பெஞ்சுகளைப் போடுங்கள், இரவு ஒன்பது மணி வரை விளக்கோடு. வேலை முடித்து வருபவர்களுக்கும் திண்ணை வேண்டும்.

உங்கள் கைபேசியிலும் ஒரு பெயர் இருக்கலாம். மாதக்கணக்கில் பதில் போடாமல் விட்ட பெயர், அல்லது பதில் வராததால் நீங்கள் விட்ட பெயர். விளக்கம் எழுதத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் "டேய், அன்னைக்கு" என்பதோடு நின்றுவிடும். இன்றிரவு இதை அனுப்பிப் பாருங்கள்: "ரொம்ப நாளாச்சு. சனிக்கிழமை காலையில டீ குடிக்கலாமா?"